மகமையும் மேடையும்

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்தில் புற்றுநோய்க்கென்று தனி சிகிச்சை மையம் கட்டுவதற்கு 90 கோடி ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். ‘நமக்கு நாமே’ திட்டத்தின்படி மூன்றில் ஒரு பங்கை ஊர் திரட்ட வேண்டும், மீதியை அரசு கொடுக்கும். அந்த 30 கோடியைத் திரட்டும் பொறுப்பை ரோட்டரியினரும் பனியன் தொழிலில் இருப்பவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். திருப்பூருக்கு இது புதிய சங்கதி இல்லை. பள்ளிக் கட்டடம், கோயில் கும்பாபிஷேகம், குளம் தூர்வாரல், மரம் நடுதல் என்று எதை எடுத்தாலும் ஒரு கூட்டம் கூடும், ஒரு மேடை போடப்படும், கம்பெனிப் பெயரும் தொகையும் மைக்கில் வாசிக்கப்படும். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் கொங்கு மண்ணின் கொடைக் குணம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். குணத்தைக் காரணமாகச் சொல்வது வரலாற்றில் எப்போதுமே கைகழுவுகிற வேலை. அந்தக் குணம் மருத்துவமனைக்கு 30 கோடி எடுத்து வைக்கிறது. கூப்பிடு தூரத்தில் ஓடும் நொய்யலுக்கு இருபது ஆண்டுகள் அப்படி எதையும் எடுத்து வைக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே மக்கள், ஒரே பணம். வேறுபாடு குணத்தில் இருக்க முடியாது. பணத்தைத் திரட்டுகிற முறையில்தான் அதைத் தேட வேண்டும்.

முறை என்றால் முதலில் மகமையைச் சொல்ல வேண்டும். வியாபாரிகள் தங்கள் சரக்கின் மீது தாங்களே போட்டுக்கொண்ட சிறு வரி அது. மூட்டைக்கு இவ்வளவு, நூறு ரூபாய்க்கு இவ்வளவு என்று சங்கம் கூடி முடிவு செய்யும். பில்லின் அடியில் ஒரு வரியாக அது ஏறும், பேரேட்டில் தனிப் பற்றாக நிற்கும், வருட முடிவில் கோயிலுக்கோ சத்திரத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகும். இதன் வயது பெரியது. சிவகங்கைச் சீமையின் பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டத்தார் தங்கள் சரக்குகளின் மீது ‘பட்டணப் பகுதி’ என்ற பெயரில் தீர்வை விதித்துக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்வது. உப்பு, மிளகு, மஞ்சள், இரும்பு என்று போகும் அந்தப் பட்டியலில் பருத்தியும் நூலும் முரட்டுப் புடவையும் மெல்லிய புடவையும் இருக்கின்றன. நம் காலத்துக்குச் சற்று அருகில் விருதுநகர் இருக்கிறது. அங்கே நாடார் வணிகர்களின் மகமைப் பணமும் வீடுவீடாகத் திரட்டிய பிடியரிசியும் சேர்ந்து 1889இல் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலைப் பள்ளியைத் தாங்கின. காமராஜர் படித்த பள்ளி. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார்களைப் பற்றிய நூலில் இந்த மகமையை ஒரு சமூகத்தின் முன்னேற்றத்துக்கே அடித்தளமாகக் காட்டுகிறார்.

மகமையின் நுட்பம் அதன் சலிப்பூட்டும் தன்மையில் இருக்கிறது. யாரும் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. வியாபாரம் ஏறினால் மகமை ஏறும், இறங்கினால் இறங்கும். சின்னக் கடைக்காரரும் பெரிய மண்டிக்காரரும் ஒரே விகிதத்தில் கொடுக்கிறார்கள். மனம் இளகியவர், இளகாதவர் என்ற பேதமே இல்லை. கொடுக்க மறுத்தவரைத் தட்டிக் கேட்கச் சங்கம் இருந்தது. இதைத் தருமம் என்று கூப்பிட்டார்களே தவிர, அமைப்பில் இது வரிதான். அரசன் போடாத வரி, தொழில் தனக்குத் தானே போட்டுக்கொண்டது.

திருப்பூர் பஞ்சு அரைக்கும் ஊராகவும் பஞ்சுச் சந்தையாகவும் வளர்ந்தபோது இந்த வழக்கம் தெரிந்த வியாபாரிகள்தான் அதை நடத்தினார்கள். 1920களில் இன்னொரு வழக்கம் வந்து சேர்ந்தது, அதைக் கொண்டுவந்தவர் காந்தி. 1925இல் தொடங்கிய அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்குத் திருப்பூரே தலைமையிடம். சுற்றுப்புறக் கிராமங்களில் நூற்ற நூல் இங்கே வந்து கதராகி வெளியூர் போனது. காந்தி இந்த ஊருக்குப் பலமுறை வந்தார். அவருடைய சுற்றுப்பயணக் கூட்டங்களை நாம் அரசியல் கூட்டங்களாக நினைக்கிறோம். வரவு செலவுக் கண்ணோடு பார்த்தால் அவை நிதி திரட்டும் கூட்டங்கள். ஊர் வியாபாரிகள் முன்கூட்டியே பிரித்து வைத்த பணமுடிப்பு மேடையில் கொடுக்கப்படும். வாசித்தளித்த வரவேற்புப் பத்திரத்தைக் காந்தி அங்கேயே ஏலம் விடுவார். பெண்கள் கழற்றிக் கொடுத்த வளையலையும் ஏலம் விடுவார். 1927இல் கதருக்கு, 1934இல் ஹரிஜன நிதிக்கு என்று நோக்கம் மாறினாலும் முறை மாறவில்லை. பேரேட்டில் ஓசையின்றி நடந்துகொண்டிருந்த ஒன்று மேடைக்கு வந்தது. எவ்வளவு என்பதோடு யார் என்பதும் ஊருக்குக் கேட்கத் தொடங்கியது. இன்றைய திருப்பூர்க் கூட்டத்தின் பிறப்பை இங்கேதான் பார்க்கிறேன். தாய்வழி மகமை, தந்தைவழி காந்தியின் பணமுடிப்பு.

ஆனால் மேடை ஏன் இந்த ஊரில் இவ்வளவு வேரூன்றியது? பக்கத்துக் கோவையோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். பூளைமேட்டில் பூ.சா.கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் 1926இல் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, நால்வருக்கு நாலு போக ஐந்தாவதை அறத்துக்கென்று எழுதி வைத்தார்கள். பூ.சா.கோ. நிறுவனங்கள் அதிலிருந்து கிளைத்தவை. கோவையின் பெரும்பாலான கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பின்னால் இப்படி ஒரு மில் குடும்பம் இருக்கும். குடும்பம் கூடிப் பேசினால் போதும், கல்யாண மண்டபம் எடுக்க வேண்டியதில்லை. திருப்பூரில் அப்படிப்பட்ட பெரிய வீடுகள் குறைவு. 1925இல் குலாம் காதர் சகோதரர்கள் பேபி நிட்டிங் என்ற பெயரில் பின்னலாடைத் தொழிலைத் தொடங்கி வைத்தார்கள். அதன் பிறகு அது ஒரு கூரைக்குக் கீழே வளராமல் சந்துசந்தாகப் பிரிந்து வளர்ந்தது. நிட்டிங் ஒருவர், சாயம் இன்னொருவர், காம்பாக்டிங் வேறொருவர், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்ன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாப் ஒர்க் காரர். ஷாரத் சாரி 2004இல் எழுதிய ஆய்வு நூல் இந்த முதலாளிகளில் பெரும்பாலோர் காட்டிலும் பட்டறையிலும் உழைத்து வந்த கவுண்டர் குடும்பத்துப் பிள்ளைகள், பார்ட்னர் சேர்ந்து மெஷின் வாங்கியவர்கள் என்று விரிவாகக் காட்டுகிறது. ஆயிரக்கணக்கான சிறு ஓனர்கள் உள்ள ஊரில் ஒருவரால் ஒரு கல்லூரி கட்ட முடியாது. ஐநூறு பேர் கூடினால் முடியும். கூட வைப்பதற்குச் சங்கம் வேண்டும். 1956இல் தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர் சங்கமான சைமாவும், 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் தொழில் கோரிக்கைகளுக்காகப் பிறந்தவைதான். வசூல் பட்டியல் போடுவதற்கும் அவையே வாகாக அமைந்துவிட்டன.

அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்பதை அருகில் நின்று பார்த்தால் கொடைக் குணம் என்ற பேச்சின் மேல் பூச்சு உதிர்ந்துவிடும். அழைப்பிதழில் மாலை ஆறு மணி என்று இருக்கும். ஷிப்மெண்ட் உள்ளவர்கள் வந்து சேர ஏழரை ஆகும். ஆனால் உண்மையான வேலை அதற்குப் பத்து நாளைக்கு முன்பே தொடங்கிவிடும். அமைப்பாளர்கள் நான்கைந்து பெரிய கம்பெனிகளுக்கு நேரில் போய், ‘அண்ணா, நீங்க ஆரம்பிச்சு வெச்சாத்தான் மத்தவங்க வருவாங்க’ என்று உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே நிச்சயமாகும் முதல் தொகைதான் கூட்டத்தின் அளவுகோல். மேடையில் அது அறிவிக்கப்பட்டதும், இரண்டாம் வரிசையில் இருப்பவர் தன் விற்றுமுதல் முதலாமவரின் விற்றுமுதலில் எத்தனை பங்கு என்று மனதுக்குள் வகுத்துக்கொள்வார். அதற்குக் குறைவாகச் சொன்னால் நாளைக்கு ரோட்டரி ஹாலில் முகம் கொடுக்க முடியாது. மிகையாகச் சொன்னால் வங்கிக்காரர் முதல் நூல் கடைக்காரர் வரை ‘அவருக்கென்ன, நல்லா ஓடுது’ என்று பேசத் தொடங்குவார்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, போட்டோ. மறுநாள் காலையில் ரசீது புத்தகத்தோடு ஒருவர் கிளம்புவார். அவர் நோட்டில் ‘சொன்னது’, ‘வந்தது’ என்று இரண்டு கட்டம் இருக்கும். இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளியைக் குறைப்பதுதான் அமைப்பாளரின் சாமர்த்தியம்.

இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. விளம்பரத்துக்குக் கொடுப்பது கொடையா, வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாதே என்பார்கள். ஒழுக்கக் கேள்வியாக அது சரியாக இருக்கலாம். நிதி திரட்டும் ஏற்பாடாகப் பார்த்தால் அந்த வெளிச்சம்தான் இங்கே சட்டத்தின் வேலையைச் செய்கிறது. மகமையைக் கொடுக்காதவரைக் கட்டுப்படுத்தச் சங்கத்துக்கு அதிகாரம் இருந்தது. மேடைக்கு அப்படி எந்த அதிகாரமும் இல்லை, மைக் மட்டும்தான் இருக்கிறது. பெயரை வாசிக்காமல் ரகசியமாகக் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டால், கொடுக்காமலிருப்பதும் ரகசியமாகிவிடும். ஆக பெருமைக்காகக் கொடுக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டாக நிற்காது. உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. மகமையை எதற்குச் செலவிடுவது என்பதைப் பணம் சேர்ந்த பிறகு பேசலாம். மேடையிலோ எதற்கு என்று முதலில் சொல்லியாக வேண்டும், அதுவும் கேட்டவுடன் கை தட்டக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். கட்டடம் கட்டலாம், கல்வெட்டுப் பதிக்கலாம், மரம் நடலாம். சாக்கடைக்குக் கல்வெட்டு வைப்பது கடினம்.

கை தட்டக்கூடிய விஷயங்களில் திருப்பூர் சாதித்ததைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரி என்று இரண்டு அரசுக் கல்லூரிகளின் பெயரில் ‘அரசு’க்கு முன்னால் தனி மனிதர் பெயர் நிற்கிறது. ஊரின் உயர்கல்வியில் அரசும் தனியாரும் எப்படித் தோளோடு தோள் உரசி நின்றார்கள் என்பதற்கு அந்தப் பெயர்ப் பலகைகளே போதும். 1997இல் ஏற்றுமதியாளர்கள் சங்கம் முன்னின்று நிஃப்ட்-டீ பின்னலாடை ஆடை வடிவமைப்புக் கல்லூரியை உருவாக்கியது. அதைவிடப் பெரிய முயற்சி தண்ணீர். தொழில் பெருகப் பெருக, சுற்றுக் கிராமக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கித்தான் சாயப்பட்டறைகள் ஓடின. 1995இல் அரசு நிறுவனமும் நிதி நிறுவனமும் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் சேர்ந்து புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகத்தை உருவாக்கின. பவானி அருகே காவிரியில் எடுத்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம், செலவு 1,000 கோடி ரூபாய்க்கு மேல். 2006 வாக்கில் தண்ணீர் வந்தது. தனியார் பங்கேற்போடு இந்தியாவில் நடந்த முதல் பெரிய குடிநீர்த் திட்டங்களில் ஒன்றாக இதை நாடெங்கும் பாடமாக வைத்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது கட்டண அமைப்பு. ஆலைகள் லிட்டர் கணக்கில் உயர்ந்த விலை கொடுக்க, வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் தண்ணீர் போகும்படி வகுத்திருந்தார்கள். பெயர் சொல்லாமல் ஒரு மகமை அந்தக் கட்டணத்துக்குள் புகுந்திருந்தது. யாரும் அதற்கு மேடை போடவில்லை, ஆனாலும் பணம் வந்தது. ஊருக்குள் வருகிற தண்ணீருக்கு இந்த ஏற்பாட்டைச் செய்துகொண்ட அதே தொழில், ஊரைவிட்டு வெளியேறுகிற தண்ணீருக்கு அதைச் செய்துகொள்ளவில்லை.

நொய்யலின் கதை பலருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்லலாம். சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் பாசனத்துக்காக அணை கட்டப்பட்டது. சில ஆண்டுகளில் அது திருப்பூரின் சாயக் கழிவு தேங்கும் தொட்டியாகிப் போனது. உப்பேறிய தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று கீழ்மடை விவசாயிகளே போராடிய அணை தமிழ்நாட்டில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் நீதிமன்றம் போனது. சுற்றுச்சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004 இறுதியில் 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு என்று நிர்ணயித்தது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. கழிவுநீரை வெளியேற்றும் ஆலைகள் அடுத்த ஜனவரியில் லிட்டருக்கு 6 பைசா, பிப்ரவரியில் 8 பைசா, மார்ச்சில் 10 பைசா அபராதம் கட்ட வேண்டும். 2009இல் உச்ச நீதிமன்றமும் கெடுத்தவரே கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை உறுதி செய்தது. அப்படியும் கழிவு நிற்காமல் போக, 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளின் கரண்ட் துண்டிக்கப்பட்டது.

லிட்டருக்கு 6 பைசா என்ற அந்தக் கணக்கில் கொஞ்சம் நிற்க வேண்டும். மூட்டைக்கு இவ்வளவு என்று ஐந்நூற்றுவர் போட்டுக்கொண்டதற்கும் லிட்டருக்கு இவ்வளவு என்று நீதிபதிகள் போட்டதற்கும் வடிவில் வேறுபாடே இல்லை. இரண்டும் அலகுக் கணக்கு, இரண்டும் உற்பத்தியோடு ஏறி இறங்கும், இரண்டிலும் பெரியவர் சின்னவர் என்ற சலுகை கிடையாது. ஒன்றைத் தொழில் தானே வகுத்தது, மற்றொன்றை வெளியிலிருந்து வந்த அதிகாரம் தலையில் கட்டியது. தன் மீது வரி போட்டுக்கொள்ளத் தெரிந்த ஒரு வணிக மரபு, தன் வரலாற்றின் மிக நெருக்கடியான நேரத்தில் அந்தக் கலையை மறந்திருந்தது என்றுதான் இதை வாசிக்க முடிகிறது. எண்பதுகளின் இறுதியில், ஏற்றுமதி கொழித்த நாளில், சாயமேற்றும் துணிக்குக் கிலோவுக்கு ஐம்பது பைசா என்று சங்கங்கள் மகமை போட்டிருந்தால் அந்த நிதி சுத்திகரிப்புக்கு முதல் மூலதனமாக இருந்திருக்கும். போடவில்லை, ஏனென்றால் அதற்குள் கொடை என்றாலே மேடை என்று ஆகிவிட்டிருந்தது.

மாசு என்பது சட்டப் பிரச்சினை, அதைக் கொடையோடு சேர்த்துக் குழப்பலாமா என்று கேட்கலாம். கடமையைச் செய்யாததையும் தருமம் செய்ததையும் ஒரே தராசில் வைப்பது முறையா? கேள்வி வலுவானது. கடமை வேறு, கொடை வேறு என்பது ஏட்டில் தெளிவு. திருப்பூரின் நடைமுறையில் அந்தக் கோடு ஒருபோதும் தெளிவாக இருந்ததில்லை. நகராட்சி செய்ய வேண்டிய சாலையையும் அரசு கட்ட வேண்டிய வகுப்பறையையும் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர்கள், அது தங்கள் கடமையா என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டவில்லை. தங்கள் பிள்ளைகள் நடக்கும் சாலை, தங்கள் தொழிலாளியின் பிள்ளை படிக்கும் பள்ளி என்பதால் எடுத்துக்கொண்டார்கள். கீழ்மடையில் காங்கேயத்துக்கும் கரூருக்கும் பக்கத்தில் இருந்த விவசாயி அந்த வட்டத்துக்குள் இல்லை. அவரும் பல வேளைகளில் அதே சாதி, அதே மொழி, தூரத்துச் சொந்தமாகக்கூட இருந்திருப்பார். ஆனால் கூட்டத்துக்கு வரமாட்டார், தொகை சொல்லமாட்டார், முகம் சுளித்தால் தெரியாது. மேடையின் பார்வை மண்டபச் சுவரோடு முடிந்துவிடுகிறது. அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் திருப்பூரைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதையே வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. உள்ளூர்ச் சமூகத்து ஏற்றுமதியாளர்கள் தங்களுக்குள் புழங்கும் பணத்தால் பெரிய முதலோடு தொழில் தொடங்குகிறார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு தொடங்கியும் வேகமாக வளர்கிறார்கள். நம்பிக்கை வட்டத்துக்குள் பணம் தாராளமாக ஓடுகிறது, வட்டத்துக்கு வெளியே கஞ்சமாக ஓடுகிறது. கடனுக்கு உண்மையானது கொடைக்கும் உண்மையாக இருந்திருக்கிறது.

வட்டத்துக்குள் இருந்தும் மேடையில் இடம் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள், தொழிலாளிகள். கொடுப்பதை எல்லாம் கூலியில் கொடுத்தால் கொடையே தேவைப்படாதே என்ற இடதுசாரித் தொழிற்சங்கங்களின் வாதம் திருப்பூரில் பழையது. 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அந்த வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கூலியால் மட்டும் ஒரு புற்றுநோய் மையத்தைக் கட்டிவிட முடியாது, அது பொதுப் பணம் சேர்ந்தால்தான் எழும். ஆனால் பொதுப் பணத்தைத் தொழிலாளியும் கொடுத்திருக்கிறார் என்பதை மேடை மறந்துவிடுகிறது. இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் என்பது சம்பளத்தில் சதவீதக் கணக்கில் போகும் பணம், இன்றைய விகிதத்தில் தொழிலாளி 0.75, முதலாளி 3.25. வாராவாரம், ஆளாளுக்கு, அலகு தவறாமல் பிடிக்கப்படுவதால் மகமையின் நேரடி வாரிசு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். பல பத்தாண்டுகள் இப்படிக் கட்டிக்கொண்டிருந்த ஊருக்கு 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கான அடிக்கல் 2019 பிப்ரவரியில்தான், பிரதமர் பெருமாநல்லூருக்கு வந்த விழாவில் நாட்டப்பட்டது. மகமை வைத்திருந்த சங்கம் அப்படித் தாமதித்திருந்தால் அடுத்த கூட்டத்தில் கணக்குக் கேட்டிருப்பார்கள். வசூலிப்பவரும் கொடுப்பவரும் ஒரே தெருவில் இருந்ததன் பலன் அது. தொலைவிலிருந்து பிடிக்கப்படும் வரிக்கு அந்தக் கேள்வி எட்டுவதில்லை. மேடையும் அதே தெருவில்தான் இருக்கிறது, அதன் பக்கம் சொல்லக்கூடிய மிக நல்ல வாதமும் இதுவே என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் பழங்கதை, இப்போதுதான் சி.எஸ்.ஆர். சட்டம் வந்துவிட்டதே என்பவர்களுக்குப் பதில் சுருக்கமானது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனிகளை லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடச் சொல்கிறது. திருப்பூரின் பெரும்பாலான யூனிட்டுகள் பார்ட்னர்ஷிப், தனி உரிமை. அவை கம்பெனிச் சட்டத்துக்குள்ளேயே வருவதில்லை. ஜாப் ஒர்க் காரருக்கும் பவர் டேபிள் வைத்திருப்பவருக்கும் 135 என்பது பஸ் நம்பர். சட்டம் பிடிக்கும் சில பெரிய மீன்கள் எப்படியும் மேடையின் முதல் வரிசையில் இருப்பவைதான்.

மேடைக்குத் தமிழ்நாட்டில் வேறு உருவங்களும் உண்டு. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து என்பது வட்டியில்லாக் கடன் சுழற்சி, கிடா வெட்டிச் சாப்பாடு போட்டுப் பணம் திரட்டி, பிறகு ஒவ்வொருவர் விருந்திலும் அதைத் திருப்பிச் செய்வது. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் ஒரு டீக்கடைக்காரர் கொரோனா நிவாரணத்துக்கு டீ மொய் விருந்து நடத்தினார். 2024இல் வயநாட்டு நிலச்சரிவுக்குத் திண்டுக்கல் பிரியாணிக் கடை ஒன்று மொய் விருந்து வைத்தது. சாப்பிட்டவர்கள் விருப்பம் போல இலைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். அழகான காரியங்கள். பேரிடரின் ஈரம் காயும் முன் நடந்து முடிவது அவற்றின் பலம், பத்தாண்டு ஓட வேண்டிய வேலைக்கு உதவாதது அவற்றின் எல்லை. திருப்பூர் மேடையின் கவலை வேறு. ‘நமக்கு நாமே’ போன்ற திட்டங்களில் ஊர் 30 கோடி திரட்டினால்தான் அரசின் 60 கோடி வரும். திரட்டத் தெரிந்த ஊருக்கு அரசுப் பணமும் ஓடி வருகிறது. திரட்ட ஆளில்லாத மாவட்டத்துக்கு இரண்டும் வருவதில்லை. இதைத் திருப்பூரின் குற்றமாகச் சொல்ல முடியாது, ஆனால் தன் தாராளத்தால் அரசின் முன்னுரிமையும் திரும்புகிறது என்பதை அந்த ஊர் தெரிந்துகொள்வது நல்லது.

2011க்குப் பிறகு ஒரு மாற்றம் நடந்தது, அதை யாரும் விழாவாகக் கொண்டாடவில்லை. மாநில அரசின் வட்டியில்லாக் கடனோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பூஜ்யக் கழிவு முறைக்கு மாறின. தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள், உப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். உறுப்பினர் பட்டறைகள் அனுப்பும் கழிவுக்கு லிட்டர் கணக்கில் கட்டுகின்றன, அந்தச் செலவு சாயக் கூலியில் ஏறி, துணி கொடுத்தவர் பில்லில் வந்து நிற்கிறது. நீதிமன்றம் தலையில் கட்டிய அலகுக் கணக்கு தொழிலின் சொந்தக் கணக்காகிவிட்டது. இன்னொரு பக்கம், 2015இல் வெற்றி அமைப்பு தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ மரம் நடும் திட்டம் பத்து லட்சம் மரங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அது மேடையின் குழந்தை, நன்றாகவே வளர்ந்த குழந்தை. மரத்துக்குக் கிடைத்த கைதட்டல் சுத்திகரிப்புக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நொய்யலுக்கு உயிர் கொடுத்த செலவில் பெரும்பகுதி கைதட்டல் இல்லாத பில்லிலிருந்துதான் வந்தது.

அந்தப் பில்லில் ஒருவர் பெயர் மட்டும் இன்னும் ஏறவில்லை. மகமை சரக்கோடு சேர்ந்து நகர்ந்தது. விலைக்குள் புகுந்து வாங்குபவர் தலையிலும் ஒரு பகுதி விழுந்தது. திருப்பூரின் சரக்கை வாங்குபவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். நடத்தை விதிகளும் தணிக்கையாளர்களும் அங்கிருந்து வருகிறார்கள், சுத்திகரிப்புக்கான விலை உயர்வு மட்டும் வருவதில்லை. 2024-25இல் திருப்பூரின் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். நூறு ரூபாய்க்கு 25 பைசா என்று இன்வாய்ஸில் மகமை போட்டால் ஆண்டுக்கு 100 கோடி சேரும், புற்றுநோய் மையத்துக்கு ஊர் திரட்டும் பங்கைப் போல மூன்று மடங்குக்கு மேல், வருடாவருடம். ஆர்டர் பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் போய்விடும் என்று உடனே சொல்வார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஊரையே உலுக்கியதை நினைவூட்டுவார்கள். பயம் பொய்யில்லை. ஆனால் கால் சதவீதம் என்பது டாலர் மதிப்பு ஒரு வாரத்தில் ஏறி இறங்கும் அளவுக்குள் அடங்கிவிடுவது. வியாபாரம் படுத்தால் மகமையும் தானாகப் படுக்கும், மேடையில் சொல்லிவிட்ட தொகை அப்படிப் படுக்காது. கஷ்ட காலத்தில் ரசீது புத்தகத்தோடு வருகிறவருக்குப் பதில் சொல்ல முடியாமல் தவிக்கும் சிறு ஓனர்களுக்கு, பழைய முறைதான் தோதாக இருக்கும். சைமாவும் ஏற்றுமதியாளர் சங்கமும் சாய ஆலை உரிமையாளர் சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்து தீர்மானம் போட்டால் தொடங்கலாம். அதற்கு மண்டபம் எடுக்க வேண்டியதில்லை.